கடைசிக் குதிரையில் வந்தது

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்களை நான் வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. நடந்தது என் சொந்த அக்காவுக்கு. கதை கட்ட அவளுக்குச் சுத்தமாக வராது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுக்கிற வேலை. சின்ன வயதில் நாங்களெல்லாம் பேய்ப் படம் பார்த்துப் போர்வைக்குள் நடுங்கும்போது, இவள் மட்டும் "அந்தப் பேய்க்கு மேக்கப் சரியில்லடி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கண், மூக்கு, காது எதுவும் நான் வைக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. போன வருஷம் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குட்டிக்கு வெளியூரில் பரீட்சை. முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா இருந்துவிட்டாள். பரீட்சை முடிவதற்குள் அத்தான் போய்விட்டார். அப்பாவின் முகத்தைக்கூடக் குட்டி பார்க்கவில்லை. அன்றோடு 'அம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "நீங்க சாப்டாச்சா?", "உங்களுக்கு ஃபோன்." வாடகைக்குக் குடிவந்தவள் வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி. அந்த 'நீங்க' அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது.

குட்டிக்குக் குதிரை என்றால் உயிர். மலை மேல் ஒரு லாயத்தில் ஐந்து நாள் முகாம் நடத்துகிறார்கள் என்று அக்கா எங்கேயோ கேள்விப்பட்டாள். குதிரையைத் தேய்த்து விடுவதிலிருந்து ஏறி ஓட்டுவது வரை சொல்லிக்கொடுப்பார்களாம். கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து மலைச் சவாரி. மகளுக்கும் தனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"இந்த வயசுல உனக்குக் குதிரை ஒரு கேடா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை அவ அம்மான்னு கூப்பிட்டாப் போதும்டி. யானை மேலகூட ஏறுவேன்" என்றாள்.

முதல் மூன்று நாளும் அக்கா குதிரையோடு மல்லுக்கட்டினாள். அவளுக்குக் கொடுத்த வெள்ளைக் குதிரை மகா திருட்டுக் கழுதை. சேணம் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். வயிற்று வாரை எவ்வளவு இறுக்கினாலும், கொஞ்ச தூரம் நடந்ததும் மூச்சை விட்டுவிடும். வார் தொளதொளவென்று ஆகிவிடும். "எல்லாக் குதிரையும் இந்த வேலையைப் பண்ணும்" என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். "அதனால பாதி வழியில மறுபடி வார் இறுக்காம யாரும் இறக்கத்துல இறங்கக் கூடாது. சேணம் அப்படியே சுத்திடும். ஆள் அடியில."

இன்னொன்றும் சொன்னார். பின்னால் வருகிற குதிரைக்கு முன்னால் போகிற குதிரை காது கொடுக்குமாம். ஒரு காதாவது பின்பக்கம் திரும்பியே இருக்குமாம். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்று சாயங்காலம் என்னை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள். மகள் விஷயம் என்ன ஆச்சு என்றேன். இன்னும் 'நீங்க'தான் என்றாள்.

கடைசி நாள் மத்தியானம் சவாரி கிளம்பியது. மாஸ்டர் முதலில். நடுவில் மூன்று பேர். அப்புறம் ஒரு பல் டாக்டர். அவருக்குப் பின்னால் குட்டியும், கடைசியாக அக்காவும் வருவதாக ஏற்பாடு. குட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"பின்னாடி இருந்து என்னையே பாத்துட்டு வருவீங்க. நீங்க முன்னாடி போங்க."

இடம் மாறிக்கொண்டார்கள்.

உச்சி வரைக்கும் நல்ல வெயில். திரும்பும்போதுதான் மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பல் டாக்டரின் முதுகு காணாமல் போனது. அப்புறம் அவர் குதிரையின் வால். இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம், நடுவில் ஒரு குதிரை போகிற அகலத்துக்குப் பாதை.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் எல்லோரும் நின்றார்கள். முன்னாலிருந்து மாஸ்டர் கத்தினார்.

"யாரும் இறங்காதீங்க! நானே வந்து ஒவ்வொருத்தருக்கா வார் இறுக்கறேன். முழங்கால்ல ரெண்டு தட்டு தட்டினா ஆச்சுன்னு அர்த்தம். அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. உடம்பு திரும்பினா குதிரையும் திரும்பும்!"

மணி நாலே முக்கால். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கால் மேல் ஒரு கை பட்டது. காலை மெதுவாகத் தூக்கி முன்னால் நகர்த்தியது. கீழே வாரை இழுக்கிற சத்தம். கிறீச்... கிறீச்... குதிரை முனகியது. முழங்காலில் இரண்டு தட்டு.

துணியைத் தாண்டிச் சில்லிட்டது அந்தக் கை.

"தேங்க்ஸ் மாஸ்டர்" என்றாள். பதில் இல்லை. மஞ்சில் முகமும் தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து குட்டியின் குரல். "எனக்கு வார் தளர்ந்துபோன மாதிரி இருக்கு. இறங்கிப் பாக்கவா?"

"இறங்காதே குட்டி. மாஸ்டர் உன்கிட்டதான் வர்றார். இருக்கற இடத்துல இரு."

அக்கா சொன்ன இந்த வார்த்தையை மட்டும் நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இப்போதும் சாப்பிடும்போது பாதியில் நிறுத்திச் சொல்வாள். 'இருக்கற இடத்துல இருன்னு நான்தானேடி சொன்னேன்.'

சரசரவென்று கல் உருளும் சத்தம் கேட்டது. குதிரைக் குளம்பு பாறையில் வழுக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"குட்டி?"

சத்தமில்லை.

"குட்டி! வார் இறுக்கியாச்சா?"

"ஆச்சும்மா."

அம்மா!

அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வருஷம் கழித்து அந்தச் சொல். முன்னால் குதிரைகள் நகர ஆரம்பித்தன. அவளும் நகர்ந்தாள். பின்னால் குளம்புச் சத்தம். டக்... டக்... டக்...

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று பேசிவிட்டாள். எல்லாவற்றையும். அப்பா விஷயத்தை மறைத்தது தப்பு என்று. பயந்துபோய் அப்படிச் செய்தேன் என்று. தினமும் அதை நினைத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்று.

"விடும்மா" என்றது குரல். "கோபமெல்லாம் கரைஞ்சு போச்சு. திரும்பிப் பாக்காதே. நேரா போ."

"நிஜமாவா?"

"நிஜமா. திரும்பிப் பாக்காதே. நேரா போ."

அக்கா சிரித்தாள், அழுதாள். ஜென்மத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லையாம்.

"குளிருதா குட்டி?"

"இல்ல."

மின்விசிறி வேகமாகச் சுற்றினாலே போர்த்திக்கொள்கிற பெண்.

அப்போதுதான் அக்கா தன் குதிரையின் காதைக் கவனித்தாள். இரண்டு காதும் முன்னால் பார்த்து விறைத்திருந்தன. ஒன்றுகூடப் பின்னால் திரும்பவில்லை. பின்னால் குதிரையே வராத மாதிரி... அதன் கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் வியர்வை வழிந்தது.

டக்... டக்... டக்...

மஞ்சுதான் காரணம், குதிரை பயந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்று உறைத்தது. அந்தக் கை. வார் இறுக்கிய கை. அது தூக்கியது எந்தக் கால்?

வலது கால்.

வலது பக்கம் பள்ளம்... அங்கே நிற்க இடமே கிடையாது.

"குட்டி..."

"சொல்லும்மா."

குரல் இப்போது காதருகில் கேட்டது.

குளம்புச் சத்தம் மட்டும் தூரத்தில். டக்... டக்...

அப்புறம் அதுவும் நின்றது.

"குட்டி, நின்னுட்டியா?"

"இல்லம்மா. வந்துட்டேதான் இருக்கேன்."

பின்னங்கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு.

திரும்பவில்லை அவள். முடியவில்லை.

லாயத்து விளக்கு மங்கலாகத் தெரிந்தது. குதிரை நின்றது. விழுந்தடித்து இறங்கினாள்.

"இறங்கு குட்டி."

திரும்பினாள்.

மஞ்சு.

வேறு எதுவும் இல்லை.

தேடப் போனவர்கள் இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வழி நெடுகத் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் நின்ற அதே இடத்தில் குட்டியின் செவலைக் குதிரை பாதை மேல் நின்றுகொண்டிருந்தது. சேணம் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு அடியில் தொங்கியது. அந்தக் குதிரை ஓர் அடிகூடக் கீழே இறங்கியிருக்கவில்லை. குட்டி நேர் கீழே, பள்ளத்தில் கிடந்தாள். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நீங்க மட்டும்தான் பேசிட்டு வந்தீங்க" என்று பல் டாக்டர் அக்காவிடம் சொன்னார். "பயத்துல தனியாப் பேசறீங்கன்னு நினைச்சேன். வேற குரல் எதுவும் எனக்குக் கேக்கல."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முதல் மூன்று பேருக்குத்தான் அவர் வார் இறுக்கினாராம். அதற்குள் அவர் குதிரை மிரண்டு நழுவ, அதைப் பிடிக்க முன்னால் ஓடிவிட்டாராம். பல் டாக்டர் தனக்குத் தானே இறுக்கிக்கொண்டார். அக்கா பக்கம் மாஸ்டர் வரவே இல்லை.

அக்கா பைத்தியமாகிவிடுவாள் என்று பயந்தோம். ஆகவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பேச்சுதான். "போறதுக்கு முன்னாடி என்னை மன்னிச்சுட்டா. லாயம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுப் போனா என் பொண்ணு" என்பாள். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம். நானும் நம்பினேன், சத்தியமாக.

மூன்று மாதம் கழித்துக் குட்டியின் பையை வாங்கி வர நான்தான் மலைக்குப் போனேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அண்ணன் தம்பி வந்தாங்க. பேச்சுவார்த்தை இல்லாதவங்க. யாரோ சேத்து வைக்கலாம்னு அனுப்பினது. தம்பி கடைசிக் குதிரை. அதே இடம். விழுந்துட்டான். ஆனா அண்ணன்காரன் லாயம் வரைக்கும் தம்பிகூடப் பேசிட்டே வந்ததா சத்தியம் பண்ணினான். அதிர்ச்சியில உளர்றான்னு நான் கண்டுக்கல."

"தம்பி என்ன சொன்னானாம்?"

மாஸ்டர் மலைப் பாதையைப் பார்த்தபடி சொன்னார்.

"கோபமெல்லாம் கரைஞ்சு போச்சு. திரும்பிப் பாக்காதே. நேரா போ."

ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தக் குரல் அக்காவிடம் சொன்னது எதுவும் மாஸ்டருக்குத் தெரியாது. எங்கள் வீட்டைத் தாண்டி அந்தப் பேச்சு போகவில்லை.

ஆக, அது குட்டி இல்லை. குட்டி கடைசி வரை அம்மா என்று கூப்பிடவே இல்லை. மன்னிக்கவும் இல்லை.

இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

நேற்று அக்கா வந்திருந்தாள். எங்களுக்குத் தெரியாமல் இரண்டு தடவை மலைக்குப் போய் வந்திருக்கிறாள். பின்னால் ஆளில்லாமல் ஒரு குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு, அதே பாதையில், அதே மஞ்சில்.

"ஒண்ணும் கேக்கலடி" என்றாள். முகத்தில் அத்தனை ஆசை. "சும்மாக் குதிரை வந்தா அவ பேச மாட்டேங்கறா. பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருக்கணும் போல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை... நீ வாயேன்."