நான் இட்டுக்கட்டிய கடைசி வசனம்

அந்த ரஷ்யப் படத்தின் கடைசி வசனம் என்று நான் சொன்னது பொய். படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது!

எழுபதுகளின் நடுவில், டெல்லியில் ஒரு திரைப்படச் சங்கத்தில் நானும் சிவராமனும் அதைப் பார்த்தோம். ஒரே அலுவலகத்தில் எழுத்தர்கள், கிட்வாய் நகரில் அடுத்தடுத்த வீடு. சப்டைட்டில் இல்லாத பிரதி. மாலை வகுப்பில் கொஞ்சம் ரஷ்ய மொழி படித்திருந்தேன். அந்த அகம்பாவத்தில் அவன் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என்ன படம் தெரியுமா உங்களுக்கு? இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. காற்றே இல்லாத ஒரு கோளில், ஆய்வுக்கூடத்தில் ஒருவன் தன்னந்தனியாக இருக்கிறான். அவன் பயணம் செய்த காலத்தில் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்டன. மனைவி உட்பட அவனறிந்த எவரும் உயிரோடில்லை. கடைசிக் காட்சியில் வெளியிலிருந்து கதவு தட்டப்படுகிறது! அவன் சிரிக்கிறான், ஏதோ முணுமுணுக்கிறான், கதவைத் திறக்கிறான். திரை வெளுத்துப் போகிறது. அவ்வளவுதான். வந்தது யார்? யாராவது வந்தார்களா, அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? சொல்லாமலே விட்டானே, அந்த இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த முணுமுணுப்பு எனக்குப் புரியவில்லை.

"என்னடா சொல்றான்?" என்று சிவராமன் என் கையைப் பிடித்தான்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்... மனம் வரவில்லை. "'நீ வருவேன்னு தெரியும், அதான் காத்திருந்தேன்'னு சொல்றான்" என்றேன்.

சிவராமன் குலுங்கி அழுதான். அவன் மனைவி இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு அவன் அந்தப் படத்துக்குச் சொன்ன விளக்கம் இருக்கிறதே... அடடா! கதவு தட்டப்படுவதற்கு முன்பே நாயகன் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுகிறான் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். திரை வெளுக்கும் கணத்தில் இரண்டுமே காலியாக இருப்பதையும் அவன்தான் பார்த்தான். "அச்சா, அப்போ அந்த இன்னொரு டீயைக் குடிச்சது யாராம்?" என்று மடக்குவான். கரோல் பாகில் காய்கறி வாங்கும்போதும் இதே பேச்சு. சங்கத்தின் பெரிய பெரிய விமர்சகர்களே அவன் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. என் பொய்யின் மேல் எப்பேர்ப்பட்ட மாளிகை கட்டியிருக்கிறான்!

ஆனால் அவன் அந்த மாளிகையிலேயே குடியேறிவிட்டான். மோதி பாகில் பாமா என்றொரு ஆசிரியை. அவனை மணக்கச் சம்மதம் என்று அவளே சொன்னாள். அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மறுத்துவிட்டான். "அவன் காத்திருந்தானேடா... நானும் இருக்கேன்" என்றான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே படம் ஆங்கில சப்டைட்டிலோடு மறுபடியும் வந்தது. தன் மனத்தைப் புரியவைப்பதற்காகப் பாமாவை அழைத்துப் போனான். எனக்கு அன்று வேலை. படம் முடிந்ததும் இருவரும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"டேய், கடைசியில 'யாரும் வரமாட்டாங்க, நானே போறேன்'னு போட்டிருக்கான். எதுடா சரி?"

"சார், நிஜத்தைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் பாமா.

"எனக்கு அன்றைக்குப் புரியவில்லையடா" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவன் கேட்டது படத்தைப் பற்றியா? தன் வாழ்க்கையைப் பற்றியல்லவா கேட்டான்! அது எனக்கு அக்கணமே விளங்கியது. விளங்கியும்... அவள் முன்னால் என் சாயம் வெளுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"சப்டைட்டில் போட்டவனுக்கு ரஷ்யன் தெரியாது" என்றேன்.

"நான் சொல்லலை?" என்று சிவராமன் அவள் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் நிம்மதி. அவளோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். "வரேன் சார்" என்று எழுந்து போனாள். அடுத்த வருஷம் சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

சிவராமன் இன்றும் தனியாகத்தான் இருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் தோளில் கைபோட்டு, "இவன் இல்லேன்னா எனக்கு அந்தப் படமே புரிஞ்சிருக்காது" என்கிறான்.

நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.