காலுக்கு ஒரு டிக்கெட்

அந்தக் கட்டிடத்தை பஸ் கண்டக்டர்கள் இப்போதும் தியேட்டர் என்றுதான் கூவுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் தியேட்டர் இல்லை. போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த சுவரில் சக்கரம் வைத்த பூட்ஸ் ஒன்றைப் பெரிதாக வரைந்து, அதற்குச் சிறகும் வைத்திருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகள் பாட்டுச் சத்தத்தில் வட்டமடிக்கிறார்கள். ஸ்கேட்டிங் ரிங்க் என்று பெயர். என் அம்மாவுக்கு அது வாயில் நுழையாது. அவள் ‘உருளுத எடம்’ என்பாள்.

அது தியேட்டராக இருந்தபோது அம்மா அங்கே கூட்டிப் பெருக்கினாள். அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். நான் நடக்கப் பழகுவதற்குள் செத்துப்போனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர்களுக்குத் திரும்பிப் போக அங்கே எதுவும் இல்லை, அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்குக் கதவு திறப்பதற்குள் கடலைத் தோல், பீடித்துண்டு, எச்சில், சில நாள் வாந்தி, எல்லாவற்றையும் அள்ளியாக வேண்டும்.

ஹால் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்கும். மாடியில் பால்கனி, கீழே நாற்காலி, அதற்கு முன்னால் பெஞ்சு, திரையின் அடியில் பள்ளத்தில் வெறும் சிமெண்டுத் தரை. அங்கே உட்காருபவன் தரை டிக்கெட். தமிழில் தரை என்றால் நாம் நடக்கிற தரை, அவ்வளவுதான். மலையாளத்திலும் ‘தற’ என்றால் அதுதான். ஆனால் அதையே ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னால் கீழ்த்தரம், ஒன்றுக்கும் உதவாதது என்று அர்த்தம். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் இந்த வித்தியாசம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பள்ளியில் எனக்கு அதுதான் பெயர்.

தியேட்டர் மானேஜரும் தமிழர்தான். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த குடும்பம். வீட்டில் தமிழ், தியேட்டருக்குள் மலையாளம், பெரிய ஆபீசர்கள் குடும்பத்தோடு வந்தால் இங்கிலீஷ். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் எப்போதும் டார்ச். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டார்ச்சால் கதவில் இரண்டு தட்டு தட்டுவார், அம்மா ஓடுவாள்.

ஏழாம் வகுப்பு லீவில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். அந்தக் கூலியில் இரண்டு பால்கனி டிக்கெட் எடுத்தேன். அம்மா வரமாட்டேன் என்றாள். படம் போட்டு பாதியில் கதவோரம் நின்று பார்ப்பதுதான் அவளுக்குப் பழக்கம். நான் விடவில்லை. கடைசியில் தலை சீவி, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாடி ஏறியதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. தினமும் அவள் துடைக்கிற நாற்காலிகள்தானே. “அங்க வேண்டாம் மக்கா, ஸ்பிரிங்கு குத்தும். மூணாவது வரிசைக்கு வா, அதுதான் நல்லாயிருக்கும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் மானேஜர் பார்த்துவிட்டார். எங்கள் வரிசைக்கு வந்து நின்று, விளக்கு எரியும்போதே டார்ச்சை அம்மா முகத்தில் அடித்தார். பக்கத்தில் நின்ற டிக்கெட் கிழிப்பவனிடம் கேட்டார்.

“இது தறயல்லே? ஆரா இவளெ இவிடெ கேற்றியது?”

இது தறையல்லவா, யார் இவளை இங்கே ஏற்றியது என்று. அம்மா எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு கிழிந்த டிக்கெட்டையும் விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். “தரையில்ல சார். பால்கனிதான் எடுத்திருக்கு. பாருங்க.”

பால்கனி முழுக்கச் சிரித்தது. பாப்கார்ன் வைத்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும், அவள் வளையல் குலுங்கியதும் எனக்கு இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். மானேஜர் டார்ச்சால் படியைக் காட்டினார். இறங்கினோம். மறுநாள் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் புடைக்கிற வேலைக்குப் போனாள். இன்றைக்கும் விடாத அவள் இருமல் அங்கே வந்ததுதான்.

நான் பள்ளிக்கூடம் போவதை அந்த வருஷம் நிறுத்தினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் நிலைத்து இருந்ததில்லை. பொன்முடியில் தேயிலை மூட்டை ஏற்றினேன், தூத்துக்குடியில் உப்பு வாரினேன், திருப்பூரில் ஒரு மெஷினுக்கு விரல் நுனி ஒன்றைக் கொடுத்தேன், லாரியில் கிளீனராக வடக்கே எல்லாம் போனேன். பட்டினி, காய்ச்சல், போலீஸ் அடி எல்லாம் எல்லோருக்கும் வருவதுபோல வந்து போயிற்று. அந்த டார்ச் வெளிச்சம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் தூங்குவதற்கு முன் அந்த மனிதரை ஒரு விதமாகக் கீழே தள்ளிப் பார்ப்பேன். படியிலிருந்து, பால்கனியிலிருந்து, ரயிலிலிருந்து. எப்போதும் அவர் விழுந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

நான் ஊர் திரும்பியபோது தியேட்டர் பூட்டிக் கிடந்தது. ஜனங்கள் மால்களில் படம் பார்க்கப் பழகிவிட்டார்கள். கொஞ்ச நாள் சிமெண்டு கோடவுனாக இருந்தது, கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. பிறகு முதலாளியின் மகன் அதைப் பிள்ளைகள் உருளுகிற இடமாக ஆக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். உடைக்கிற வேலைக்கு ஆள் எடுத்த மேஸ்திரியைத் தேடிப் போய் நின்றேன். பால்கனி வேலை எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது வரிசையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தவன் நான்தான். நாற்காலிகள் சலூன்களுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் போயின. திரையை எங்களோடு வேலை செய்த ஒருவன் கேட்டு வாங்கிக் கூரைக்குப் போட்டான். சத்தம் வருவதற்காகத் திரையில் ஊசித் துளைகள் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. முதல் மழையில் அவன் வீடு சல்லடையாக ஒழுகியது. ஹாலின் சரிவை நிரவ இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் லோடு லோடாக வந்தன. தரை டிக்கெட் இருந்த பள்ளத்தில்தான் அதிகம் கொட்ட வேண்டியிருந்தது. என் நெஞ்சு உயரத்துக்கு நிரப்பினோம். மேலே காங்கிரீட் போட்டு மெழுகி, கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். உடைத்தது சந்தோஷமாக இருந்தது. ஆனால் போதவில்லை. கட்டிடம் என்னை ஒன்றும் சொல்லவில்லையே.

ரிங்க் திறந்து சில மாதம் கழித்துச் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். சக்கர பூட்ஸ் கொடுக்கிற கவுண்டரில், தாழ்ந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

முடி முழுக்க வெளுத்திருந்தது. முழுக்கைச் சட்டை போய் ரிங்க்காரர்கள் கொடுத்த மஞ்சள் டீஷர்ட். பிள்ளைகள் கழற்றிப் போட்ட பூட்ஸுக்குள் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய ஆள், போக்கிடம் இல்லை என்று சின்ன முதலாளி வைத்துக்கொண்டதாக வாட்ச்மேன் சொன்னான். நான் உடனே டிக்கெட் எடுத்தேன்.

“சார், சைஸ்?” என்றார் என்னிடம்.

“ஒம்பது.”

நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினேன். புதிதாக வருபவர்களுக்கு அவர்தான் மாட்டிவிட வேண்டும். என் காலைத் தன் மடியில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அவருடைய வெளுத்த மண்டை எனக்கு நேர் கீழே இருந்தது. இத்தனை ஊரில் இத்தனை வருஷம் நான் தின்ற எந்தச் சோறும் அவ்வளவு ருசியாக இருந்ததில்லை. எழுந்து இரண்டடி உருண்டதும் மல்லாக்க விழுந்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது.

பிறகு ஞாயிறுதோறும் போனேன். தனியாக மாட்டத் தெரிந்த பிறகும் தெரியாத மாதிரி காலை நீட்டினேன். “சார் இப்போள் நன்னாயி படிச்சல்லோ” என்பார், நன்றாகப் பழகிவிட்டேனாம். நான் அடுத்த காலை நீட்டுவேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அதுதான் உறுத்தியது. யார் என்று தெரியாமல் ஒருவன் காலைப் பிடித்தால் அது அவனுக்கு வேலை, எனக்கு விளையாட்டு. இரண்டுக்கும் மேலே போகவில்லை.

ஒரு ஞாயிறு முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்குப் போனேன். கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் நானும் அம்மாவும் இருக்கிறோம். எங்கே விழுந்தாய் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவளுக்குப் புரியாமல் போன அந்த ஒரு வார்த்தையின் அர்த்தத்தையும், இத்தனை வருஷம் கழித்து, மெதுவாக.

அம்மா மருந்து பாட்டிலை மூடி வைத்தாள்.

“எனக்குப் புரியலன்னா நெனச்சே? எலே, நான் இந்த ஊர்ல எத்தன வருசமாக் கெடக்கேன். தறன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

“பின்ன டிக்கெட்ட ஏன் தூக்கிக் காட்டுனே?”

“புரியாத மாதிரி நின்னா, சரி பொட்டச்சி பொழைச்சுப் போறான்னு விட்டுருவான்னு பாத்தேன். நீ ஆசப்பட்டு கூட்டிட்டு வந்தே. மிச்சப் படத்தையும் நீ பாக்கணும்லா.”

அவளே மறுபடி கேட்டாள். “ஒன் காலையா கட்டுதான் அவன்?”

“ஆமா.”

“ஒன் கால எதுக்குல கட்டணும்? அவன் ஒன்னையா சொன்னான்?” கொஞ்ச நேரம் இருமினாள். “அடுத்த வாரம் நான் வாறேன்.”

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மே, காணானாணெங்கில் மோளில் போயி இரிக்காம். ஃப்ரீயா.” பார்க்க வருகிறவர்களுக்குப் பால்கனி இப்போது இலவசம். பெஞ்சும் மின்விசிறியும் போட்டு, பெற்றோர்களுக்கு விட்டிருக்கிறார்கள்.

“மேல எனக்கு வேண்டாம். கால்ல போடணும்.”

“வயசு எத்ரயாயி அம்மே?”

“வயசுக்கா டிக்கெட்டு, காலுக்கா டிக்கெட்டு?”

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கிழித்துக் கொடுத்தாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து சேலையைக் கணுக்கால்வரை தூக்கி, இரண்டு காலையும் நீட்டினாள். வெடிப்பு விழுந்த குதிகால். மானேஜர் முதலில் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு சாக்ஸ் மாட்டினார், பூட்ஸ் மாட்டினார், கயிறு கட்டினார்.

“இறுக்கமா இருக்கு. அவுத்துக் கட்டுங்க.”

அவிழ்த்துக் கட்டினார்.

“இப்ப லூசா இருக்கு.”

மறுபடி அவிழ்த்தார். கட்டும்போது நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தமிழில் பேசினார். அந்தக் கட்டிடத்துக்குள் எங்களிடம் அவர் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

“நீ… நம்ம தியேட்டர்ல தூத்துப் பெருக்கிக்கிட்டு இருந்தவதானே?”

“நீயா? டிக்கெட்டு எடுத்துல்லா வந்திருக்கேன். நீங்கன்னு சொல்லுங்க.”

பக்கத்தில் பிள்ளைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு தாய் திரும்பிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்கதானே?”

“நான்தான். பால்கனியில என்ன சொன்னீங்க, ஓர்மை இருக்கா?”

“எத்தனையோ பேர எத்தனையோ சொல்லியிருக்கேம்மா. தியேட்டர் நடத்தணும்னா சும்மாவா.”

“என்னைய ஒண்ணுதான் சொன்னீங்க. அத இப்ப சொல்லுங்க. கால விடாண்டாம், பிடிச்சிட்டே சொல்லுங்க.”

அவருக்கு ஓர்மை இருந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் குனிந்து முடிச்சைப் போட்டு முடித்தார். எழ முயன்றார், மூட்டு ஒத்துழைக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார், பிடி நழுவியது. ஒரு கை நீட்டினால் எழுந்திருப்பார். என் கை பக்கத்தில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அம்மாவும் காலை அவர் மடியிலிருந்து அவசரப்பட்டு எடுக்கவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துத் தானே எழுந்து போனார்.

அம்மா ஆட்டம் முடிகிறவரை அந்த பெஞ்சிலேயே இருந்தாள். உட்கார்ந்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். விசில் அடித்ததும் கவுண்டரில் இருந்த வேறொரு ஆள் கழற்றிவிட வந்தான். “நீ போ தம்பி. கட்டுனவரே அவுக்கட்டும்” என்றாள். அவர்தான் வந்து அவிழ்த்தார்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்ததும். அவர் எங்களை வாசலில் பார்த்ததுமே ஸ்டூலைத் தேட ஆரம்பித்துவிடுவார். அம்மா அதிகம் பேசமாட்டாள். இறுக்கம் என்பாள், லூசு என்பாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவாள், இருமலே இருக்காது.

பிறகு ஒரு ஞாயிறு ஸ்டூலில் வேறு ஆள் இருந்தான். மானேஜர் வேலையை விட்டுவிட்டாராம். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். எங்களால்தான் விட்டார் என்று நினைக்க எனக்கு ஆசை. மூட்டுதான் காரணம் என்றாலும், அதில் எங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

அம்மா அன்றைக்கு டிக்கெட் எடுக்கவில்லை. வாசலில் நின்று யோசித்தாள்.

“வேற எங்கயாவது வேலைக்கு நிக்கானான்னு கேளு.”

“கேட்டு என்ன செய்யப் போற?”

“கட கிடயா இருந்தா போயி சாமான் வாங்கலாம்லா.”

வாட்ச்மேனிடம் கேட்டேன். தெரியாது என்றான். தெரிந்தால் சொல்லச் சொல்லி என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.