அக்கா திறந்த காப்பகமும் நாங்கள் அடைந்த ஆதாயமும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தம்பியாகவும் அவரோடு அடிக்கடி சண்டை போட்ட தொழில் கூட்டாளியாகவும் இதை எழுதுகிறேன்.

மடத்துக்குளத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. அவருடைய கணவர் விபத்தில் இறந்த பிறகு, இரண்டு பெண் குழந்தைகளோடு திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணிகளில் பிழை பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் நானும் அவரும் முதலிபாளையத்தில் நான்கு தையல் மெஷின்களோடு சொந்தமாகத் தொடங்கினோம். முதலில் காதர்பேட்டைக் கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தோம். வளர்ந்து, ஏற்றுமதி ஆர்டரும் எடுத்தோம்.

அப்போது சபிதா என்ற ஒடிசாப் பெண் எங்களிடம் டெய்லராக இருந்தார். நன்றாகத் தைப்பவர், திடீரென்று தவறு தவறாகத் தைத்தார். வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றேன். அக்கா அவரை உட்காரவைத்து விசாரித்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இரண்டு வயது மகளை அறைக்குள் பூட்டிவிட்டு வருவது தெரிந்தது. அக்கா அப்போதே அவரோடு போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரமே துணி குடோனில் பாதியைக் காலி செய்து குழந்தைகள் காப்பகம் ஆக்கினார். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் வரலாம், யாருக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "நாம கம்பெனி நடத்தறமா, தர்மசத்திரம் நடத்தறமாங்க்கா?" என்று கேட்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "புள்ளையப் பூட்டிப் போட்டுட்டு வந்தவளுக்கு மிசின்ல கை ஓடுமா கண்ணு? தப்பாத் தச்ச பீஸ் திரும்பி வந்தா நீதான கத்துவே?"

ஒரு மாதம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. தையல் தவறுகள் குறைந்ததையும், பெண்கள் லீவு எடுப்பது குறைந்ததையும் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

பிறகு ஒரு தீபாவளிக்கு ஊர் போன வடமாநிலத் தொழிலாளர்களில் பலர் திரும்பவில்லை. சுற்றிலும் கம்பெனிகளில் மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. எங்களுக்கோ பெரிய ஆர்டர். தேதி தவறினால் அந்த வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். முடியாது என்று சொல்லிவிடலாம் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன். ஊருக்குப் போயிருந்த சபிதா, திரும்புவதாகச் சொன்ன தேதியில் வந்து நின்றார். கூடவே அவர் தங்கையும் ஊர்க்காரப் பெண்கள் ஆறு பேரும், இடுப்பில் குழந்தைகளோடு. எங்கள் காப்பகத்தில் பிள்ளைகளை நம்பி விட்டுவிட்டு வேலை செய்யலாம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். சரக்கு சொன்ன நாளில் கிளம்பியது. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இனி மீதிப் பாதியும் பிள்ளைகளுக்கு வேண்டும், குடோனுக்கு வேறு இடம் பார்த்தாயா என்றார்.

முன்பு எங்கள் காப்பகத்தைக் கேலி செய்த பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருநாள் வந்து, பெரிய புண்ணியம் செய்கிறீர்கள் என்று பாராட்டினார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"புண்ணியம்னு சொல்லாதீங்க. கம்பெனிக்கு ஆதாயம்னு சொல்லுங்க. அப்பத்தானுங்க நாலு பேரு செய்வாங்க" என்றார். சில மாதங்களில் அந்த முதலாளியும் தம் கட்டடத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார்.

கடைசி ஆறு மாதம் புற்றுநோயின் வலியிலும் அக்கா காப்பகத்தைப் பற்றிக் கேட்காத நாளில்லை. அவர் இறந்த காலை கம்பெனிக்கு விடுமுறை விட்டேன். காப்பகத்தையும் மூடச் சொன்னேன். அதைப் பார்த்துக்கொள்ளும் தென்காசி அம்மாள் அழுதுகொண்டே, "மத்த கம்பெனில இன்னைக்கு வேலை உண்டுல்லா. பிள்ளைய எங்க விடுவாவ?" என்றார். காப்பகம் அன்றும் திறந்திருந்தது.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த அம்மாளுக்கும், சபிதாவுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் கம்பெனி வைத்திருப்பவர்கள் ஒருநாள் வந்து காப்பகத்தைப் பாருங்கள். எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், என்னென்ன சிரமம் வரும் என்று எல்லாவற்றையும் நானே கூட நின்று சொல்லித் தருகிறேன்.