பத்து யூரோவுக்கு ரோஜா

வெல்டா ரூட்ஸீட்டெ, குல்டீகா ஊரின் சந்தைச் சதுக்கத்தில் பூக்கடை போட்டது 1992 மே 11, திங்கட்கிழமை. அப்போது ரூபிள் ஓடியது. மறு வருஷமே லாட் வந்தது. இருநூறு ரூபிளுக்கு ஒரு லாட். பாதியாக்கி இரண்டு சைபரை வெட்டினால் முடிந்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். கடை போட்டு இருபத்தொரு வருஷம் கழித்து லாட்டும் போகப்போகிறது என்றபோது அவளுக்கு வயது அறுபத்தாறு.

மருமகள் ஸனிட்டா சதுக்கத்துக்கு எதிரே உள்ள வங்கியில் வேலை பார்த்தாள். ஊர் மக்களுக்கு யூரோவைப் புரியவைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. 2013 நவம்பர் 14 அன்று நூலகத்தில் கூட்டம் போட்டாள். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். பலகையில் 0.702804 என்று எழுதி, லாட்டை இதனால் வகுத்தால் யூரோ என்றாள். வெல்டாவுக்குத் தலை சுற்றியது. வகுத்தால் குறையத்தானே வேண்டும்? பத்து லாட்டை வகுத்தால் பதினாலு யூரோ இருபத்து மூன்று சென்ட் வருகிறதாம். பக்கத்தில் இருந்தவர்களும் விழித்தார்கள். ஒருவர், அப்படியென்றால் வகுத்துக்கொண்டே இருப்போம், பணக்காரர் ஆகிவிடலாம் என்றார்.

வெல்டா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவள் கடையில் ரோஜா ஒன்று எழுபது சந்தீம், அதாவது லாட்டில் நூற்றுக்கு எழுபது. புது விலை சரியாக ஒரு யூரோ. ஒருத்தர் ஒரு லாட் கொடுத்து ஒரு ரோஜா வாங்கினால் மீதி எவ்வளவு?

லாட்டை மாற்றினால் 1.42; அதில் ஒன்று போக 42 சென்ட் என்றாள் ஸனிட்டா.

"மீதி முப்பது சந்தீம்தானே. அதை மாத்திப் பாரு."

ஸனிட்டா கணிப்பானைத் தட்டினாள். 43 வந்தது. மறுபடி தட்டினாள். முகம் சிவந்தது. ரீகா தலைமையகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டில் பேச்சு முற்றியது. சந்தையில் புதுக் காசில் பிசகி மானம் போவதற்குள் கடையை விட்டுவிடலாமே என்றாள் ஸனிட்டா. வெல்டாவே கடைசியில் சொன்னாள்: "யூரோ வந்து கடை திறக்கிற மொத நாள் ஒரு தப்பு நடந்தாக்கூட சாவியக் குடுத்துடறேன். போதுமா?"

டிசம்பர் 12-ல் வங்கியில் பத்து லாட் கொடுத்துப் புது நாணயப் பொட்டலம் வாங்கினாள். நாற்பத்தைந்து நாணயங்களைச் சமையலறை மேசையில் கொட்டி தினமும் அடுக்கிப் பார்த்தாள். ஒரு விஷயம் மட்டும் நிம்மதி தந்தது: ஒரு ரோஜா, ஒரு யூரோ. ஐந்து ரோஜா, ஐந்து யூரோ. பூவை எண்ணினால் காசை எண்ணியதாகிவிடும். அதையே பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 30-ல் ஸனிட்டா ஒரு சீட்டு அனுப்பினாள். லாட்டை மாற்ற வரும் முதல் ஆளுக்கு வங்கி பூங்கொத்து கொடுக்கிறது. பத்து யூரோவுக்கு ரோஜா, ஜனவரி 2 காலை எட்டே முக்காலுக்கு.

யூரோ வந்த மறுநாள்; கடை திறக்கிற முதல் நாளும் அதுதான். காலையில் மழைத் தூறல். வெல்டா சீட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணிக் கட்டி, வங்கியில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு சென்ட் பிசகவில்லை.

ஒன்பதே கால் மணிக்கு ஸனிட்டா கொத்தைத் தூக்கிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் சதுக்கத்தில் ஓடி வந்தாள். முதல் ஆளாக வந்தவள் எண்பத்தொரு வயது எர்னா வீட்டொலா, ஒரு ஜாடி நிறையச் சந்தீமோடு. மேலாளர் கைகுலுக்கிப் பூவைக் கொடுத்தார். எர்னா பூவை எண்ணினாள். பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம்: "பத்தா? லாட்டுக்குத்தான் அடக்கம்னு நெனச்சேன். எனக்குமா?"

வெல்டா கொத்தை வாங்கி எண்ணினாள்: பத்து. அந்த ஊர் வழக்கத்தில் கல்லறைக்குப் போகிற பூதான் இரட்டைப்படை. உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை. இத்தனை வருஷத்தில் அவள் விரல் ஒருநாளும் தவறியதில்லை. இன்று காசை எண்ணியிருக்கிறாள். தப்பு நடந்துவிட்டது. ஆனால் கணக்கு சரி. கணக்கு சரியென்றால் இது எப்படித் தப்பு? அவளுக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"பத்துன்னு எழுதினது நான்மா," என்றாள் ஸனிட்டா. மூச்சு வாங்கியது. "எனக்கும் பூவே ஞாபகமில்ல, யூரோதான் இருந்துச்சு. சாவிய உள்ள வைங்க. இன்னும் ஒண்ணு குடுங்க, அந்தம்மா நிக்குது."

வெல்டா பதினொன்றாவது ரோஜாவைச் செருகிக் கட்டினாள். ஸனிட்டா பாவாடைப் பையைத் துழாவினாள். வங்கிக்காரியிடம் யூரோ இல்லை. மீன் உருவம் போட்ட பழைய ஒரு லாட் நாணயம்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு அதுவும் செல்லும்.

வெல்டா அதை வாங்கி நாற்பத்திரண்டு சென்ட் எண்ணி வைத்தாள். கை நின்றது.

"ரீகாவுல இருந்து பதில் வந்துச்சா?"

"இல்லம்மா."

வெல்டா இன்னொரு சென்ட் எடுத்து வைத்தாள். அதையே திரும்ப எடுத்தாள். பிறகு மறுபடி வைத்துவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டாள்.

"சரியா இருக்கா, பாத்துக்கோ."

"தெரியலம்மா," என்று சொல்லிவிட்டு ஸனிட்டா பூவோடு ஓடினாள்.