ஓர் இலை கூடுதல்

பேய், ஆவி, சகுனம் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாயா ரயில்வேயின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட்டிப் பார்த்தால் சரியாக வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ தப்பு, அவ்வளவுதான் என் ஆன்மிகம். வெளியே கிளம்பினால் கேஸ் அடுப்பை மூடினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன், கோயில் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எண்ணுவேன், பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறான் என்பதற்காகவாவது கடைசி வரை கேளுங்கள். அப்புறம் சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், என் மனைவி கமலமே பாதி நாள் சிரிக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஒரே மகன் குமரனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வீட்டார் கிள்ளான்காரர்கள், நல்ல மனிதர்கள், எல்லாம் சந்தோஷமாகத்தான் நடந்தது, ஆனால் எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதியை அவனுடைய சகோதரி போட வேண்டும், சகோதரி இல்லாவிட்டால் அத்தை. குமரனுக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது, கமலமும் ஒற்றைப் பிள்ளை என்பதால் பெரியம்மா மகள், சித்தி மகள் என்றும் யாரும் இல்லை. அத்தை என்று ஒருத்தி இருந்தாள், என் அக்கா சரஸ்வதி, ஆனால் அவள் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டச் சொல்லலாம் என்றாள் கமலம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அக்கா தொலைந்த கதை சின்னதுதான். நாங்கள் கிள்ளான் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவால் இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பிள்ளை இல்லை, கத்தோலிக்கக் குடும்பம், அவர்கள் அக்காவை வளர்க்கிறோம் என்று கூட்டிப் போனார்கள். பிறகு வடக்கே மாற்றலாகி, வேறு வேலைக்குப் போய், கடிதமும் நின்றுவிட்டது. அப்பாவும் காலமானார். நான் எழுதாத அலுவலகம் இல்லை, விசாரிக்காத மாதா கோயில் இல்லை.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சேலைக் கடையின் மாடியில் சைபர் கபே வந்தது. நடத்தியவள் மலர் என்ற பெண், என் மகனைவிடப் பத்து வயது மூத்தவள், அங்கிள் அங்கிள் என்று மரியாதையாகப் பேசுவாள், ஆனால் வாய்த்துடுக்கு அதிகம். இன்டர்நெட்டில் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் தேடலாம் என்று யாரோ சொல்லி நானும் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே அசட்டுத்தனம். அடையாள அட்டையில் இருப்பதுபோல அக்கா பெயர், நடுவில் இன்னார் மகள் என்பதற்குப் போடுகிற 'ஏ/பி', பிறகு அப்பா பெயர், கூடவே குடியிருப்பின் பழைய முகவரி என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்தேன். விண்ணப்பப் பாரம் நிரப்பியே பழகிய கை. வந்ததெல்லாம் அமெரிக்காவில் பேட்டரி விற்கிற கம்பெனிகள்.

மலர் எட்டிப் பார்த்து, "அங்கிள், இது பதிவிலாகா இல்ல லா," என்றாள்.

அவள்தான் எனக்குத் தேடக் கற்றுக்கொடுத்தாள். சேர்ந்து வர வேண்டிய சொற்களுக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட வேண்டும், வேண்டாததற்கு முன்னால் கழித்தல் குறி, பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல் ஊரைத் தேடு, வேலையைத் தேடு, பழைய குடியிருப்பைத் தேடு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன், மோடம் கத்துவதைக் கேட்டபடி தேடுவேன், கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்புவேன். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் மலரே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உங்கள் அக்கா பெயர் மாறியிருக்கும், சாமி மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், பிறகு எதை வைத்துத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "உங்க வீட்டுல மட்டும் செய்யிற ஒன்ன யோசிங்க அங்கிள். வேற எவன் வீட்டுலயும் இருக்கக் கூடாது. அத போட்டுத் தேடுங்க."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அம்மா விசேஷ நாட்களில் இலை போடும்போது ஆட்களைவிட ஓர் இலை கூடப் போடுவார். நாங்கள் நான்கு பேர், ஐந்து இலை இருக்கும். யாருக்கு என்று கேட்டால், வர்றவங்க வரட்டும் என்பார். அந்த இலையில் மட்டும் உப்பை ஓரத்தில் வைக்காமல் நட்ட நடுவில் வைப்பார். அந்த வழக்கத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கூடுதல் இலை, நடுவில் உப்பு, கிள்ளான், ரயில்வே என்று ஆங்கிலத்தில் அடித்து மேற்கோள் குறியெல்லாம் சரியாகப் போட்டேன்.

நம்பினால் நம்புங்கள், ஒரே ஒரு பக்கம் வந்தது. மலாயா ரயில்வேக் குடும்பங்களைப் பற்றி வெளிநாட்டில் யாரோ நடத்திய பக்கம், அதில் வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு பகுதி. அங்கே பெயர் போடாமல் ஒரு குறிப்பு இருந்தது. எங்கள் வீட்டில் ஓர் இலை கூடப் போடுவோம், உப்பு நடுவில் இருக்கும், சின்னவன் அப்போதுதான் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தான், இலையையும் ஆட்களையும் எண்ணிப் பார்த்துக் கணக்கு சரியாக வரவில்லை என்று அழுவான், அவன் இன்னும் எண்ணுகிறானா? கீழே ஒரு தொலைபேசி எண். குறிப்புக்குப் பக்கத்தில் தேதி இருந்தது, அது எழுதி மூன்று மாதமாகியிருந்தது. மலரும் பார்த்தாள், என் கண்ணாடி மங்கிப்போனதால் அவள்தான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அந்த எண்ணை மட்டும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். பக்கத்தை அச்செடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதை இன்றும் நினைத்து நொந்துகொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து எண்ணைச் சுழற்றினேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு வயதான குரல் ஹலோ என்றதும் எல்லாம் மறந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஓர் இலை கூடப் போடுவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

எதிர்முனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தம்பியா?" என்றாள்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று கமலத்தைக் கேளுங்கள். எங்கே இருக்கிறாய் அக்கா என்று கேட்டால், செலாயாங்கில் என்கிறாள். பினாங்கு, மெட்ராஸ், லண்டன் என்று நான் தேடியவள், மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் பண்ணுகிற மகள் மேரியோடு பல வருடமாக ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறாள். மறுநாளே போனோம். இப்போது அவள் பெயர் சிசிலியா, கழுத்தில் ஜெபமாலை, முகம் அப்படியே அப்பா. என்னைக் குனிய வைத்துத் தலையைத் தடவினாள்.

"மண்டையில ஒரு முடி இல்ல. எண்ணிக்கிட்டே இருந்தியே, உனக்கு எண்ண இப்ப என்ன இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கல்யாண விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடியது. நான் புருஷன் இல்லாதவள், மாதா கோயிலுக்குப் போகிறவள், நான் தாலியைத் தொடலாமா என்றாள். கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கட்டலன்னா அந்த முடிச்சு அப்படியே தொங்கட்டும் அண்ணி," என்றாள். கமலத்தை நான் அன்று மதித்த மாதிரி என்றும் மதித்ததில்லை.

காப்பி குடிக்கும்போதுதான் சொன்னேன், நல்ல வேளை அக்கா, நீ அந்தக் குறிப்பை எழுதினாய் என்று. அவள் விழித்தாள். எந்தக் குறிப்பு என்றாள். மேரி சிரித்து, அம்மாவுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது மாமா, எங்கள் வீட்டில் யார் கம்ப்யூட்டரைத் தொட்டோம் என்றாள். பிறகு அவளே சிரிப்பை நிறுத்தினாள். "மாமா, இந்த போன் மாட்டியே நாலு நாள்தான் ஆச்சு. நம்பர் இன்னும் எனக்கே மனப்பாடம் ஆகல."

மூன்று மாதத்துக்கு முன் எழுதிய குறிப்பில் அந்த எண் எப்படி வந்தது? மறுநாள் மலரிடம் ஓடினேன். அதே சொற்களை, அதே மேற்கோள் குறிகளோடு தேடினோம். பக்கம் இருந்தது, மற்றவர்கள் எழுதியதெல்லாம் இருந்தது, அந்தக் குறிப்பு மட்டும் இல்லை. யாராவது அழித்திருப்பார்கள் என்றாள் மலர். சரி, அழித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், எழுதியது யார் என்று கேட்டேன். வாய்த்துடுக்கான பெண், அன்றைக்கு என்னிடம் காசு வாங்காமலே அனுப்பிவைத்தாள்.

கிள்ளானில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. மேளம் முழங்க அக்கா ஜெபமாலையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முடிச்சைப் போட்டாள், அவ்வளவு இறுக்கமாக, மருமகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பந்தியில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொல்லி, அதன் முன்னால் நானே ஓர் இலை போட்டு, உப்பை நடுவில் வைத்தேன். பரிமாறுகிறவர்களும் வழக்கம்போல எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்த நாற்காலிக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து பழைய கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் யாரும் உட்காரவில்லை, உட்கார்ந்திருந்தால் எங்கள் தலைதான் முட்டியிருக்கும்.

பாயசம் வந்தபோது அக்கா என் கையைத் தட்டினாள். குனிந்து பார்த்தேன். அந்த இலை மடித்திருந்தது. வயிறு நிறைந்தவர்கள் மடிப்பதுபோல, காலி நாற்காலியின் பக்கமாக, அழகாக.

கல்யாணக் கூட்டத்தில் யாராவது மடித்திருப்பார்கள் என்பாள் கமலம். இருக்கலாம். இப்போதும் விசேஷம் என்றால் எங்கள் வீட்டில் ஓர் இலை கூடப் போடுகிறோம். பந்தி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணுவேன். சில நாள் கணக்கு சரியாக வந்துவிடுகிறது, இலை எத்தனையோ அத்தனை தலை. அந்த நாட்களில் நான் இரண்டாம் முறை எண்ணுவதில்லை.