முட்டியில் கட்டிய ரிப் துணி

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்தி ஓய்ந்தவன். இன்றும் காலை நடையில் எங்கள் தெருவில் எனக்கு ஈடு கிடையாது. மனைவியும் கூடவே வருவாள்.

போன மாதம் காரில் கேரளக் கடற்கரைக்குப் போனோம். ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க அவளுக்கு ஆசை. பாதி மணலிலேயே என் முட்டி பிடித்துக்கொண்டது.

"நீ போய்ப் பாத்துட்டு வா" என்றேன்.

"தனியாப் பாக்கவா இத்தன தூரம் வந்தனுங்க?" என்றவள், கைதுடைக்க எப்போதும் பையில் வைத்திருக்கும் ரிப் துணியை எடுத்தாள். பனியன் கழுத்துக்கு வைக்கிற இழுவைத் துணி அது. முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "ஏனுங்க, ஊருல புலி, மணல்ல பூனைங்களா? எந்திரிங்க."

போய்ச் சேர்ந்தோம். கலங்கிய ஆற்றுநீர் கடலுக்குள் போவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். துணி கொஞ்சமும் நழுவவில்லை. என் கம்பெனித் துணி அல்லவா! ஆனால் முடிச்சு அவள் போட்டது.