அறுபத்திரண்டு வயது மகள்

தைவானில், ஜியாயி ரயிலடிக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நானும் லாய் ஷூ-மின்னும் வேலை பார்த்தோம். நான் உள்ளறையில் கண்ணாடி தீட்டுகிறவன். அவள் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணைச் சோதிப்பவள். முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. "மேல் வரியைப் படிங்க" என்று அவள் சொல்வது எதிரில் இருப்பவருக்கே எட்டாது. அவர் "என்னது?" என்பார். "வந்தவருக்குக் கண்ணுல கோளாறா, காதுல கோளாறா?" என்று முதலாளியம்மா கல்லாவிலிருந்து கத்துவார்.

அப்படிப்பட்டவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நடனம் ஆடுகிறாள் என்பது எனக்குத் தெரிய வந்ததே ஒரு ஜப்பானிய வீடியோத் தளத்தால்தான். அந்த வருஷம் எங்கள் ஊர் இளவட்டத்தில் பாதிப்பேர் அதில் விழுந்து கிடந்தார்கள். யாரோ தன் வீட்டில் பாடியதை, ஆடியதை, பூனை கொட்டாவி விட்டதை அதில் ஏற்றிவிடுவார்கள். பார்க்கிறவர்கள் எழுதும் கமெண்ட் கீழே அடக்கமாக நிற்காது. படத்தின் மேலேயே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ஓடும். கூட்டம் நிறைந்த கொட்டகையில் ஆளாளுக்குக் கத்துவதை எழுத்தில் பார்ப்பது மாதிரி இருக்கும். வாயே திறக்காத பெண்ணுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

பார்ப்பதற்கே கணக்குத் திறக்க வேண்டும். காலையில் கடைக்கு வந்ததும் திறந்தாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கணினியில் ஏதோ அறிவிப்பு வந்து நின்றது.

"கோ அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

"எனக்கு ஜப்பான் மொழி தெரியாதும்மா."

"பாதி நம்ம எழுத்துதானே. படிச்சுப் பாருங்க."

எங்கள் சீன எழுத்தைத்தான் அவர்களும் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்கியத்தின் வாலை மட்டும் தங்கள் சொந்த எழுத்தில் எழுதுவார்கள். செய், செய்யாதே, செய்யட்டுமா என்பதெல்லாம் அந்த வாலில்தான் இருக்கிறது. 'கணக்கு' புரிந்தது. 'நீக்கம்' புரிந்தது. நீக்கப்போகிறார்களா, நீக்க மாட்டார்களா என்பதுதான் புரியவில்லை.

"பச்சைப் பொத்தானை அமுக்கு. பச்சைன்னா நல்லதாத்தான் இருக்கும்," என்றேன்.

அமுக்கினாள். காலையில் பிறந்த கணக்கு மத்தியானமே போய்ச் சேர்ந்தது. இதுவரை உடனிருந்ததற்கு மிக்க நன்றி என்று மின்னஞ்சல்கூட வந்தது.

"அண்ணே, இனிமே இந்த விஷயத்துல நீங்க யோசனை சொல்லாதீங்க," என்றாள்.

மறுபடி அவளே ஒண்டியாக உட்கார்ந்து திறந்தாள். ஜப்பானில் எந்த மாகாணம் என்று கேட்டதற்கு, பட்டியலில் முதலில் நின்ற ஹொக்கைடோவைத் தட்டிவிட்டாள். ஜியாயி வெயிலில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பனிப் பிரதேசத்துக்காரி ஆனாள்.

சில மாதம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, தான் ஆடியதையே ஏற்றிவிட்டாள். ஸ்கூட்டரில் போகும்போது கட்டும் பூப்போட்ட முகமூடியைக் கட்டிக்கொண்டு, பின்னால் துணி அலமாரி தெரிய, ஒரு முழுப் பாட்டுக்கு ஆடியிருந்தாள். திங்கட்கிழமை கடைக்கு வரும்போது கண் வீங்கியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

படத்தை ஓட்டிக் காட்டினாள். எனக்கு நடனம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் கைகால்கள் பாட்டோடு ஒட்டிப் போயின என்பது தெரிந்தது. பாட்டு முடிகிற இடத்தில் வலப்பக்கத்திலிருந்து எட்டுகள் கிளம்பின. 88888. அடுத்து 8888888888. திரை முழுக்க எட்டு.

எங்கள் மொழியில் எட்டு என்பது 'பா'. இணையத்தில் ரெண்டு எட்டு சேர்த்துப் போட்டால் பா-பா, அதாவது 'பை பை'.

"ரெண்டு எட்டு போட்டா போயிட்டு வரேன்னு அர்த்தம். இவங்க வரிசையா எட்டாப் போட்டிருக்காங்க அண்ணே. தொலைஞ்சு போன்னுதானே சொல்றாங்க?"

தேற்றப் பார்த்தேன். "எல்லாரும் அப்படி இல்லம்மா. இங்க பாரு, ஒருத்தன் மூணு எட்டுதான் போட்டிருக்கான். அவனுக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கு," என்றேன்.

அன்று சாயங்காலமே படத்தை எடுத்துவிட்டாள். அதன்பிறகு கடையில் அவள் குரல் இன்னும் இறங்கிவிட்டது. முதலாளியம்மா வாடிக்கையாளர்களை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் மிசுஹோ வந்தாள். வான்கோழிச் சோறு விற்கும் கடைக்கு ஜப்பானிலிருந்து மருமகளாக வந்தவள். எங்கள் பேச்சை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். அவள் பெண் குழந்தை அம்மாவின் கண்ணாடிமேல் உட்கார்ந்து அதன் காலை ஒடித்துவிட்டிருந்தது. ஷூ-மின் தலையைக் குனிந்தபடி அதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா மிசுஹோ, உங்க ஊர்ல ஒருத்தரை வெளிய போகச் சொல்ல எட்டு எட்டா எழுதுவாங்களா?"

"எட்டா? எந்த எட்டு?"

"அண்ணே, விடுங்க," என்றாள் ஷூ-மின்.

நான் விடவில்லை. காகிதத்தில் வரிசையாக எழுதிக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் மிசுஹோ அதை மூக்குக்கு அருகில் வைத்து வாய்விட்டுப் படித்தாள். "எட்டு... ஹாச்சி. ஹாச்சி, ஹாச்சி, ஹாச்சி..." என்று இழுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஹாச்சி இல்ல, பாச்சி! பாச்சி பாச்சி பாச்சி!" என்று படபடவென்று கையைத் தட்டினாள். "கைதட்டுற சத்தம் அண்ணே! எங்க ஊர்ல கைதட்டு இப்படித்தான் கேக்கும். யாருக்கு இவ்வளவு பேர் கைதட்டினாங்க?"

சோதனை நாற்காலியில் காத்துக்கொண்டிருந்த கிழவர், தன் பார்வை தேறிவிட்டது என்று நினைத்து அவரும் கைதட்டினார்.

ஷூ-மின் திருப்புளியைக் கீழே வைத்தாள். "ஐயோ, நான் அழிச்சிட்டேனே!" என்றாள். அது தெருவரைக்கும் கேட்டது. முதலாளியம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தத் தெம்பில் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வேறொரு பாட்டுக்கு ஆடிப் படம் பிடித்தாள். பாதி ஆட்டத்தில் வெளியே குப்பை வண்டியின் இசை கேட்டது. அவள் நிறுத்தவில்லை. கதவு படாரென்று திறந்தது. அவளுடைய அம்மா, நாங்கள் லாய் அம்மா என்று கூப்பிடுகிறவர், தலை நிறைய, முடி சுருட்ட மாட்டும் பிளாஸ்டிக் சுருள்களும் செத்துப்போன கணவரின் அரைக்கால் சட்டையுமாக உள்ளே பாய்ந்தார்.

"ஆ-மின்! வண்டி வந்துடுச்சு. நீ என்னடி இங்க கொசு அடிச்சிட்டிருக்க? தூக்கு பையை!"

ஆடுகிற கையில் ஒரு குப்பைப் பையைத் திணித்துவிட்டு, மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஷூ-மின் முகமூடியோடு பின்னால் ஓடினாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகச் சுருள்கள் வைத்த தலை ஒன்று வண்டியைத் துரத்திப் போவது தெரிந்தது. "நில்லுப்பா! மீன் தலை இருக்கு! நாளைக்கு வரைக்கும் வச்சா வீடே நாறிடும்!" என்ற குரலும் கேட்டது. பிறகு திரும்பி வந்த லாய் அம்மா கேமராவுக்கு அருகில் வந்து குனிந்தார். "இது என்னது, செவப்பா எரியுது?" திரை முழுக்க அவர் மூக்கு. அத்தோடு படம் முடிந்தது.

அதைத் திரும்பப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து சிரித்ததாக ஷூ-மின் சொன்னாள். தன் முகத்தில் முகமூடி இருக்கிறது, அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அப்படியே ஏற்றிவிட்டாள். 'ஆடிக்கொண்டிருந்தபோது என் தாய் வந்துவிட்டாள்' என்று தலைப்பு. 'தாய்' என்பதற்கு, எங்கள் இளவட்டம் கேலிக்குப் போடும் பழங்காலத்து எழுத்து ஒன்றைப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை மிசுஹோ சோற்றுப் பொட்டலங்களோடு வந்தாள். மூன்று பேரும் கணினி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். படத்தின் மேல் எழுத்து அடைமழையாகக் கொட்டியது. மிசுஹோ மென்றுகொண்டே மொழிபெயர்த்தாள்.

"'இதுவா மகள்?' 'எந்தப் பக்கம் பார்த்தாலும் மகள் மாதிரி தெரியலையே.' 'அப்ப ஆடுறது அம்மாவா? அம்மா எவ்வளவு இளமையா இருக்காங்க!' 'தைவான்ல வயசு பின்னால போகுமா?' 'மகளே, விடாத, ஓடு!'"

"யாரு மகள்? என்னைச் சொல்றாங்களா?" என்றாள் ஷூ-மின்.

"இல்ல, சுருள் வச்சவங்களை. நீ என்னதான் தலைப்பு போட்ட?"

காட்டினாள். மிசுஹோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். "அடிப்பாவி. எங்க ஊர்ல இந்த எழுத்துக்கு மகள்னு அர்த்தம்."

கடலைத் தாண்டும்போது ஒரு தலைமுறை குறைந்துவிட்டிருக்கிறது.

ஷூ-மின் பதறிப்போய் மிசுஹோவை வைத்துக்கொண்டு விளக்கம் எழுதினாள். வந்தவர் என் அம்மா, வயது அறுபத்திரண்டு, எழுத்துப் பிழைக்கு மன்னிக்கவும். அந்தத் தளத்தில் பார்க்கிறவர் யார் வேண்டுமானாலும் படத்துக்கு ஓர் அடையாளப் பெயர் ஒட்டலாம். விளக்கம் வந்த அரைமணியில் 'அறுபத்திரண்டு வயது மகள்' என்று ஒட்டியாயிற்று. அவள் கிழித்தாள். இன்னொருவர் ஒட்டினார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் இவள் கிழிப்பதும் அவர்கள் ஒட்டுவதுமாக அந்த வாரம் போயிற்று.

மிசுஹோவின் மாமியார் வாய் சும்மா இருக்குமா? சந்தையில் மீன் வாங்கும்போது லாய் அம்மாவிடம், "உங்களை ஜப்பான் முழுக்கத் தெரியுமாமே" என்று சொல்லிவிட்டார். கையில் மீன் பையோடு லாய் அம்மா நேராகக் கடைக்கு வந்தார்.

"எங்க அவ? தம்பி, நீயும் கூட்டா?"

"நான் உள்ள கண்ணாடி தீட்டுறவன் அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தலையில சுருளு, உங்க அப்பா சட்டை! ஒரு பவுடர் போடக்கூட விட்டியாடி? எத்தனை பேர் பாத்தாங்க?"

"எழுபதாயிரம் பேரும்மா," என்றாள் ஷூ-மின், வழக்கமான குரலில்.

"எத்தனை?"

"எழுபதாயிரம்!"

லாய் அம்மா சோதனை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க. ஆனா உன்ன... மகள்னு நினைச்சுட்டாங்கம்மா."

"யாருக்கு மகள்?"

"எனக்கு."

லாய் அம்மா மேசைமேல் இருந்த முகம்பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தாடையைத் தூக்கிப் பார்த்தார். "ஜப்பான்காரங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். எழுத்துப் பிழையை விளக்க வாயெடுத்த மகளை நான் மேசைக்கு அடியில் உதைத்தேன். அந்தப் பெயரை இவள் தினமும் கிழிக்கிறாள் என்று கேட்டதும்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நீ யாரு அதை எடுக்க? உனக்கா வச்சாங்க?"

அடுத்த படத்தில் தானும் ஆடுவேன் என்று அவர் முடிவு செய்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. "காசு குடுத்து முடி சுருட்டியிருக்கேன், எனக்கு எதுக்கு முகமூடி?" என்றார். ஒத்திகை அவர்கள் வீட்டில் நடந்தது. அப்பா போனபிறகு அம்மாவும் பெண்ணும் நடுவில் தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற வீடு அது. இப்போது சோற்றுக் கிண்ணத்தோடு எழுந்து நின்று எந்தக் கால் முதலில் என்று சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம். "அம்மா, இடது கால்! அது வலது! நான் சொல்ற இடது!" என்று ஷூ-மின் கத்திக் கத்தி, கடையிலும் அந்தக் குரலே தங்கிவிட்டது. "மேல் வரியைப் படிங்க!" என்றால் இப்போது வாசலில் போகிறவரும் நின்று படிக்கிறார்.

பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் பிடித்தோம். 'பிடித்தோம்' என்று சொல்லக் காரணம், கேமராவைப் பிடித்தது நான்தான். லாய் அம்மா நன்றாகவே ஆடினார். இரண்டு இடத்தில் மகளை இடித்தார், ஓர் இடத்தில் திட்டினார், கடைசியில் கேமராவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

முந்தைய படத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. "வண்டி பின்னால ஓடினாத்தான் பாக்கறானுங்க," என்று லாய் அம்மா சலித்துக்கொண்டார். ஷூ-மின்னுக்கு அதில் வருத்தமே இல்லை. வந்தவர்கள் கடைசிவரை பார்த்தார்கள் என்பதே அவளுக்குப் போதும். வேறு ஊர்களில் இருந்து இரண்டு பெண்கள், சேர்ந்து ஆடலாமா என்று அவளுக்கு எழுதினார்கள். அதில் ஒருத்தி பக்கத்து ஊரான தாய்னானிலேயே இருந்தாள். அடுத்த மாதமே ஷூ-மின் ரயிலேறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எனக்குத்தான் மனத்தாங்கல். மிசுஹோ படித்துக் காட்டிய கமெண்ட்டுகளில் பாதி ஆட்டத்தைப் பற்றியே இல்லை. 'தரை ஏன் ஆடுகிறது?' 'நில நடுக்கமா?' 'படம் பிடிக்கிறவர் குடித்திருக்கிறாரா?' கால் வீக்கம் வந்த நாளிலிருந்து நான் பீர்கூடத் தொட்டதில்லை.

ஆகவே நானும் கணக்குத் திறந்தேன். ஷூ-மின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தாள், பச்சையைத் தொட விடவில்லை. நான் சொல்லச் சொல்ல மிசுஹோ ஜப்பானிய மொழியில் எழுதினாள். கேமராமேன் குடிகாரர் அல்ல, அவருக்குக் கேமரா புதிது. படத்தில் எந்த இடத்தில் அதை ஓடவிடுவது என்று கேட்டார்கள். நான் ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். லாய் அம்மா குனிந்து வணங்கிவிட்டு, புது முடியும் புன்சிரிப்புமாக நிமிர்கிற இடம் அது. என் எழுத்து அவர் முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டு மெதுவாகப் போயிற்று. சந்தையில் என்னைப் பார்த்தால் இப்போதும் அதற்காகத் திட்டுகிறார்.